பிணையாத ஈயம்

அன்புள்ள அக்காவுக்கு,

உருத்திரபுரத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை மூன்று மாதமாக ஆய்வுகூடத்தில் அளக்கிறேன். பழைய ஈயம் பெரும்பாலும் மண்ணோடும் மக்கிய இலையோடும் பிணைந்துவிடும். இதில் பிணையாத ஈயம் மாதாமாதம் கூடுகிறது. அடியில் துப்பாக்கிச் சன்னம் மாதிரி ஏதோ இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது.

அண்ணா காணாமற்போன நாளிலிருந்து அம்மா கிணற்றை வற்ற இறைக்க விட்டதில்லை.

“அம்மா, தண்ணியில நஞ்சிருக்கு. இறைப்பம்,” என்றேன்.

“அண்ணா வாறநேரம் கிணறு வத்திக் கிடக்கிறதே? போடி விசரி.”

நேற்று அம்மா கோயிலுக்குப் போனதும் பம்ப் போட்டேன். அடிச்சேற்றில் ஒரு நீலச் செருப்பு தெரிந்தது. நீங்கள் அண்ணாவுக்கு வாங்கிக் கொடுத்தது. பம்பை நிறுத்திவிட்டேன்.

காலையில் கிணறு பழையபடி ஊறியிருந்தது. அம்மா அந்தத் தண்ணீரில் தேநீர் ஊற்றித் தந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். குடித்துவிட்டு, உங்களுக்கு மட்டும் இதை எழுதுகிறேன்.

உங்கள் தங்கை