நான் ஊட்டிய முட்டை

என் கூடப்பிறந்த ராசா அய்யாவுக்கு,

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மனைவி பாண்டியம்மா எழுதுகிறாள். உன்னைக் கொண்டுபோன எச்.ஐ.வி. அவள் உடம்பிலும் இருக்கிறதல்லவா? மாதாமாதம் திண்டுக்கல் போய் மாத்திரை வாங்கித் தின்று நன்றாகத்தான் இருந்தாள். நான்தான் கெடுக்கப் பார்த்தேன்.

போன மாதம் அவளுக்குத் துணையாக மாத்திரை வாங்கப் போன இடத்தில் ஒரு டாக்டர் பேசினார். ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுவின் மேல் ஒரு புரதம் இருக்கிறதாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் கிருமி உள்ளே நுழைகிறதாம். எனக்குத் தெரிந்த புரதம் முட்டையும் பருப்பும்தான். நீ எலும்பாய்க் கிடந்த நாட்களில் தினமும் ஒரு முட்டையைப் பிட்டுப் பிட்டு ஊட்டினேனே, கிருமிக்கு வழிவிட்டது நானா?

யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், இனி முட்டை, பருப்பு, சுண்டல் எதுவும் கூடாது என்று பாண்டியம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என் பேச்சைத் தட்டமாட்டாள். ஒரே மாதத்தில் கன்னம் ஒட்டிப்போனது.

இந்த முறை எடை பார்த்த நர்ஸம்மா விடவில்லை.

“ஏம்மா, சாப்பிடுறியா இல்லையா?”

“கிருமி புரதத்தைப் பிடிச்சுத்தான் உள்ள நுழையுதுன்னு டாக்டர் சொன்னாராம், மாமாதான் புரதம் வேணாம்னுட்டாரு.”

“ஏன் பெரியவரே, தட்டுல இருக்கிற புரதம் வேற, டாக்டர் சொன்னது வேற! அந்த அணு தனக்குத் தானே செஞ்சுக்கிறது அது. முட்டை தின்னா அது ஏறாது, தின்னாட்டி குறையாது. அணுவுக்குள்ள கிருமியை மறிக்கிற புரதமும் இருக்கு, தெரியுமா?”

“அப்ப என் தம்பிக்கு நான் குடுத்த முட்டை?”

“அம்புட்டும் தெம்புதான் பெரியவரே.”

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன் அய்யாவு.

பஸ்ஸில் வரும்போது, “தப்புப் பண்ணிட்டேன் தாயி” என்றேன். “ஒரு மாசம் வெறும் ரசத்தைக் குடிக்க வச்சுட்டு வெறும் வாயால மன்னிப்பா மாமா? ஒரு ஆம்லேட்டாவது வாங்கித் தாங்க” என்றாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள்.

மறிக்கிற புரதம் உன் உடம்பிலும் இருந்திருக்குமே, அதால் ஏன் முடியவில்லை? அதையும் ஏய்க்கத் தெரிந்த கிருமியாம் இது, நர்ஸம்மாதான் சொன்னார். அதனால்தான் மாத்திரை வேண்டியிருக்கிறது. உன் காலத்தில் அந்த மாத்திரை நம் கைக்கு எட்டவில்லையே.

இனி புரியாததைப் புரிந்ததாக நினைத்துக்கொண்டு வாய் மூடி வரமாட்டேன். அடுத்த முறை அந்த டாக்டர் பேசும்போது, எத்தனை பேர் சிரித்தாலும், எழுந்து நின்று கேட்பேன்.

இப்படிக்கு,
பாண்டியம்மாவை உனக்காகப் பார்த்துக்கொள்ளும்
உன் அண்ணன் கருப்பையா