அக்காவின் வலது கை

மார்ச் 24, திங்கள்

காலையிலேயே அனல். வேதியியல் இரண்டு பாடம் பாக்கி. கனி அக்கா படிக்கும் காலேஜ் ஒரு டிரஸ்ட் நடத்துவது. இந்த வருடம் ஒரு கம்பெனியோடு கூட்டு. பாதி வாத்தியார்கள் நீக்கம், பதிலுக்குக் கம்பெனியின் வீடியோ கோர்ஸ். அதில் சேராவிட்டால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் இல்லை. நாளை மாணவர்கள் காலேஜ் கேட்டை மறித்து உட்காரப் போகிறார்களாம். அம்மா வேண்டாம் என்றாள். அக்கா கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பள்ளி விட்டுக் காலேஜ் வழியாக வந்தேன். கம்பெனி இறக்கிய கறுப்புச் சட்டை ஆட்கள், ஆளுக்கொரு இரும்புப் பைப்பு. உட்கார்ந்திருந்தவர்களை அடித்தார்கள். சிதறு தேங்காய் சத்தம். தரையில் செருப்புகள், வளையல் துண்டுகள், ஒரு பல். அக்கா தலையை மறைக்கக் கையைத் தூக்கினாள். மீசைக்காரன் ஒருவன் அதே கையில் திரும்பத் திரும்ப.

"படிக்க வந்தியா, கட்சி நடத்த வந்தியா?"

கல்லை எடுத்து எறிந்தேன். கம்பெனி பிளக்ஸ் போர்டில் சிரிக்கும் பெண்ணின் முகம் கிழிந்தது. அவன் மண்டையில் படவில்லையே என்றுதான் வருத்தம்.

மார்ச் 27, வியாழன்

பெரியாஸ்பத்திரி. அக்காவின் வலது கையில் இரண்டு எலும்பு முறிவு, மாவுக்கட்டு. யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் பரவியதால் எல்லோருக்கும் ஹால் டிக்கெட் கிடைத்துவிட்டது. அக்கா எப்படி எழுதுவாள்? அவளைவிடக் கீழ் வகுப்புப் பிள்ளை ஒன்று அவள் சொல்லச் சொல்ல எழுதலாமாம். நான் பிளஸ் ஒன், போதும். பிரின்சிபால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: படிக்கட்டில் விழுந்ததாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அம்மா கெஞ்சினாள். "குடுத்துரு ஆத்தா. மூணு வருசப் படிப்பு வீணாப் போயிரும்."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2, புதன்

இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில். ஹால் வாசலில் காவலுக்கு அதே மீசைக்காரன். அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவன் கழுத்தைக் கடித்துவிடலாம் போலவும் இருந்தது.

உள்ளே பிரின்சிபால், பக்கத்தில் பல்கலைக்கழகம் அனுப்பிய பெண் மேற்பார்வையாளர். பிரின்சிபால் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"அக்கா சொல்றத மட்டுந்தான் எழுதணும். ஒரு வார்த்தை கூடக் கூடாது, கொறையக் கூடாது. மொதல்ல கை ஒடஞ்ச காரணம்."

அக்கா வாசலைப் பார்த்தாள்.

"எழுதுடி. அந்தா நிக்கிறாருல்ல, கறுப்புச் சட்ட, அவரு இரும்புப் பைப்பால அடிச்சு ஒடச்சாரு."

கூட்டவில்லை, குறைக்கவில்லை. 'அந்தா' கூட அப்படியே.

பிரின்சிபால் பிடுங்கக் கை நீட்டினார். மேற்பார்வையாளர் முந்திக்கொண்டார். படித்தார். தன் ஃபைலில் வைத்து மூடினார். மணி அடித்தது. கேள்வித்தாளை எங்கள் மேசையில் வைத்தார்.

"மொதக் கேள்விய வாசி" என்றாள் அக்கா.

வாசித்தேன்.