ஒரே டோக்கன்ல ரெண்டு சோடி

அன்புத் தங்கச்சிக்கு,

போன்ல பேசினா அழுதுருவேன், அதான் எழுதுதேன். ரெண்டு குடம் தண்ணி ஊத்தியும் பாதம் இன்னும் காந்துது.

சபைப் பெண்டுகளோட பத்மநாபபுரம் போனோமே, பண்டு ராசாமாருக்கு அதுதான் தலைநகரமாம். ராசாமாரு இருந்த கொட்டாரத்துக் கறுத்த தரை, முட்டை வெள்ளையும் தேங்காச் செரட்டைக் கரியும் போட்டு மெழுகினதாம், என்ன குளிர்ச்சி! கைடு சொன்னதுல பாதி கேக்கல. உனக்க கொண்டையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நரைச்சுப் போச்சே மக்கா.

செருப்பு வாங்கி வைக்கிறவன் நம்ம மொகச்சாடையப் பாத்து, ரெண்டு சோடியையும் ஒரே டோக்கன்ல வச்சிட்டான். டோக்கன் உனக்க கையில. நாலு வருசமா பேசாதவ எப்படிக் கேப்பேன்? சித்திரை வெயில், சுடுமணல்ல காலை மாத்தி மாத்தி நின்னேன். நீ ஓடி வந்து, மொகம் தொடைக்க வச்சிருந்த துவர்த்தை விரிச்சு, "ஏக்கா, இதுல ஏறி நில்லு. வாயத் தொறந்து டோக்கனக் கேட்டா கொறைஞ்சா போயிருவ?"ன்னு சொன்ன. நான் ஏறி நின்னேன், நீ டோக்கனக் குடுத்து ரெண்டு சோடியையும் வாங்கிட்டு வந்த.

உனக்க மகளுக்க கல்யாணத்துக்கு நான் வராதது தப்புதான்.

பின்னே, வீட்டுக்கு வந்துதான் பாத்தேன், ஒரு கால்ல எனக்க செருப்பு, மத்த கால்ல உனக்க செருப்பு. வெள்ளிக்கிழமை கொண்டு வாரேன். எனக்க ஒத்தைய வெளியே களஞ்சிராதே.

இப்படிக்கு,
உனக்க அக்கா