பூட் பதிவில் இல்லாத டிஸ்க்

மார்ச் 3, செவ்வாய்

புது டிஸ்க் பெட்டி வந்திறங்கியது. ரயில் இருக்கைகளின் முன்பதிவு முழுவதையும் சுமக்கும் எங்கள் மெயின்பிரேம் கணினியில் இடம் தீர்ந்துகொண்டே வருகிறது. அந்த மெஷினில் முதன்முதலாக லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றியவன் நான். இன்று அதற்கு மேலாளர் என் மனைவியின் தம்பி. அவனை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் நானேதான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

"அத்தான், இதை நானே பண்ணிடறேன். நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க."

சும்மா. அந்தச் சொல்லை வீடுவரை மென்றுகொண்டு வந்தேன்.

மார்ச் 5

டிஸ்க்கை ஃபார்மட் செய்கிறான்; தகவல் எழுதுவதற்கு அதில் கட்டம் கட்டமாக இடம் பிரிக்கும் வேலை. மெதுவாகத்தான் நகரும். குளிரூட்டிய அறை, ஏற்ற இறக்கமில்லாத இரைச்சல். உட்கார்ந்தபடியே கண் சொருகிவிட்டது. யாரும் குடிவராத ஒரு வீடு. முகம் தெரியாத ஒருவர் அறை அறையாகத் தரையில் கோடு போட்டுக்கொண்டு போகிறார். கதவைத் திறக்கத் திறக்க இன்னொரு வெள்ளை அறை. நானும் பின்னாலேயே போகிறேன். இத்தனை அறையில் எனக்கு ஒரு நாற்காலி இருக்காதா?

விழித்தபோது என்மேல் அவனுடைய ஸ்வெட்டர். எப்போது போர்த்தினானோ. எரிச்சலாக இருந்தது. விலக்கவும் இல்லை.

மார்ச் 6

முடித்துவிட்டான். புது டிஸ்க்கைப் பழைய டிஸ்க்குகளோடு இணைத்து, லினக்ஸ் குடியிருக்கும் பகுதியையே பெரிதாக்கிவிட்டான். இயக்குநர் நேரில் வந்து முதுகில் தட்டினார். "தம்பி கை வச்சா மெஷின்கூட சொன்ன பேச்சு கேக்குது." என் பக்கம் திரும்பி, "நீங்களும் கூட இருந்தீங்கள்ல? நல்லது."

கூட இருந்தேன். அதனால்தான் கவனித்தேன்: பூட் பதிவை அவன் புதுப்பிக்கவில்லை. மெஷின் எழும்போது எந்தெந்த டிஸ்க்கைத் தேட வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. விழித்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அணைத்து எழுப்பினால் தன் உடம்பில் ஒரு பாகத்தைக் காணாமல் பாதியிலேயே நின்றுவிடும். ஞாயிறு பதினைந்தாம் தேதி பராமரிப்புக்காக அணைத்து எழுப்பப் போகிறார்கள். அன்று அது எழாவிட்டால் அவன் பதவி போகும்.

இரண்டு வரிக் கட்டளை போதும். சொல்லலாமா?

மார்ச் 7

சொல்லவில்லை.

மார்ச் 10

சாப்பாட்டுக்குப் பிறகு மேசையிலேயே ஒரு குட்டித் தூக்கம். தண்டவாளமே இல்லாத ஒரு நடைமேடை. கையில் டிக்கெட்டோடு ஆயிரம் பேர், யாரும் கோபப்படவில்லை, பனிமூட்டம்போல நிற்கிறார்கள். "இருக்கை எங்கே?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். ஏன் என்னை? மேலாளரைக் கேட்க வேண்டியதுதானே?

மாலையில் மனைவி கேட்டாள். "அவன் உங்களுக்கு அப்படி என்னதான் பண்ணிட்டான்?"

"ஒண்ணும் பண்ணலை."

"நேத்து போன்லகூட, அத்தான் பக்கத்துல இருக்கற தைரியத்துலதான் அக்கா, நான் மெஷின்ல கை வைக்கறேன்னான்."

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். ஏற்கெனவே குளித்திருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலேயே எல்லோரும் கூடிவிட்டார்கள். இயக்குநரும் வந்திருந்தார். நான் கடைசி வரிசையில் வசதியாக ஓர் இடம் பிடித்திருந்தேன். அவன் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

"இதை முதல்ல எழுப்புனது நீங்கதான். இன்னைக்கும் நீங்களே எழுப்புங்க அத்தான்."

உட்கார்ந்தேன். அணைக்கும் கட்டளையைப் பாதி அடித்தேன். அழித்தேன். பூட் பதிவைப் புதுப்பிக்கும் அந்த இரண்டு வரிகளை அடித்தேன். அதன் பிறகுதான் அணைத்தேன்.

எழுந்தது. திரையில் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தன. புதியதும் சொன்னது. கைதட்டினார்கள்.

நான் அடித்த இரண்டு வரிகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தவன், எல்லோரும் காபிக்குப் போன பிறகு கேட்டான். "இது எப்போ தெரியும்?"

"இப்பதான் தோணுச்சு."

"அன்னைக்குப் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க."

தன் நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டுக்கொண்டான்.

ஏப்ரல் 9

இன்னொரு டிஸ்க் வந்திருக்கிறது.

"இதை நீங்க பண்ணுங்க அத்தான். நான் சும்மா பக்கத்துல உட்கார்றேன்."

நடந்ததை அவன் தன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவள் இந்நேரம் வீட்டை இரண்டாக்கியிருப்பாள்.

ஃபார்மட் நாள் முழுக்க ஓடியது. அதே குளிர், அதே இரைச்சல், மனதில் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வெள்ளை அறைகள். இந்த முறை எனக்குக் கண் சொருகவில்லை. அவன் ஒருமுறைகூடத் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.