கீழ் லயத்துக்குக் குழாய் வராத காரணம்

புவனா, தாயி, உன் மாமா பேசுகிறேன்.

வாய் என்னுடையது, கை உன் மகள் சாந்தியுடையது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். முடிந்ததும் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்பது அவளுடைய யோசனை. போன வருசம் உன் முதலாம் ஆண்டு நினைவுக்குப் படத்தோடு நாலு வரி போட்டோமே, அதே பக்கத்துக்கு. அந்த நாலு வரியில் உன்னைப் பற்றி ஒன்றுமே இல்லை. செத்துப்போன யாருக்கும் பொருந்துகிற வரிகள்.

முதலில் நம் தேயிலைத் தோட்டத்துச் செய்தி. நம் கீழ் லயத்துக்குக் குழாய் வந்துவிட்டது. தை மாதம் வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் ஒன்று, லயத்து வீட்டு வரிசையின் கோடியில் ஒன்று. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் விடுகிறார்கள். முதல் நாள் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பழைய தலைவர் என்று என்னையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள்.

என் தம்பி பெண்சாதி பாக்கியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். குடத்தைக் குழாயடியில் வைத்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "தொறைமுகம் வாய மூடுச்சு, பைப்பு வாயத் தொறந்துச்சு." பெண்கள் சிரித்தார்கள். சாந்தி வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றாள். வெறும் கேனோடு வீட்டுக்கு வந்தாள். தண்ணி பிடிக்கலையா என்று கேட்டேன். நாளைக்குப் பிடிச்சுக்கலாம் தாத்தா என்றாள். மறுநாள் தண்ணீர் வராத நாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். நான் எதையும் மறந்தவன் இல்லை. எழுதி வைக்க வழியில்லாதவனுக்கு எல்லாம் மண்டைக்குள்ளேயே கிடக்கும்.

துறைமுகம் என்பது உனக்கு லயத்தில் வைத்த பேர். அது எப்படி வந்தது என்று படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். திருகோணமலையில் கடைகள் எரிந்த வருசம், என் மகன் செல்வம் அங்கே வேலை பார்த்த துணிக்கடையும் எரிந்தது. அவனும், அங்கே அவன் கட்டிக்கொண்ட நீயும் ஒரு பெட்டி ஒரு சாக்கோடு மாத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள். மாத்தளைக் கடைச் சுவர்களில் முந்திய கலவரத்தில் எரிந்த கரியே அப்போது இன்னும் போகவில்லை. நெருப்புக்குப் பயந்து இங்கேயா வருகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் நீ கேட்ட முதல் கேள்வி, "மாமா, குழாயடி எங்க?" நான் பீலியைக் காட்டினேன். மலையில் ஊறுகிற தண்ணீர் அங்கே மூங்கில் வழியாக விழும். நம் லயத்திலிருந்து நூற்றுப் பதினாறு படி கீழே. நீ ஒரு குடத்தோடு ஏறி வந்து, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாய். அப்புறம் சொன்னாய்: "எங்கட ஒழுங்கை முடக்கில குழாய் இருக்குது மாமா. காலமையும் பின்னேரமும் வரும்." உங்கள் தெருமுனைக் குழாயைச் சொன்னாய்; குறை சொல்கிற குரலாக அது எனக்குப் படவில்லை. ஒரு சாமான் வைத்த இடத்தில் இல்லையே என்று தேடுகிற குரல்.

அதற்குப் பிறகு உன் ஊர்க் கதை தினமும் வந்தது. பெரியாஸ்பத்திரி நடந்து போகிற தூரம் என்றாய். உன் அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து, வாசிகசாலை வாங்குப் பலகையில் உட்கார்ந்து எல்லாப் பேப்பரும் வாசிப்பார் என்றாய். பின்னேரமானால் பணக்காரன் ஏழை எல்லாரும் கடற்கரையில் போய் இருப்பார்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றாய். கன்னியாவில் சுடுதண்ணீர் தானாக நிலத்திலிருந்து வருகிறது என்றாய். மான் ரோட்டில் படுத்திருக்கும், பஸ் சுற்றிக்கொண்டு போகும் என்றாய்.

மான் கதைதான் உன்னைக் கெடுத்தது. கொழுந்து பறிக்கிற மலையில் ஒரு வாரம் அதே பேச்சு. "மானு படுத்திருக்குமாம், டிரைவரு எறங்கி வந்து கும்புட்டுட்டுப் போவாராம்" என்று பாக்கியம் கூட்டிச் சொன்னாள். ஆமாம் என்பதற்கு நீ 'ஓம்' என்று சொல்வதைப் போலவே எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். துறைமுகத்து ஊர்க்காரி என்று பேர் அப்படி விழுந்தது. நீ கோபப்படவில்லை. 'துறைமுகம்' என்று யாராவது கூப்பிட்டால், "கப்பல் வந்திட்டுதோ?" என்று திருப்பிக் கேட்டாய்.

எனக்கு வலித்தது வேறு இடத்தில். நான் அப்போது கீழ் லயத்துத் தலைவர். பிறப்புப் பத்திரம், பிரஜாவுரிமைக் கடுதாசி, எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். நான் ஆபிசில் கிளாக்கர் ஐயாவிடம் கொண்டுபோவேன். நீ வந்து ஒரு வருசத்துக்குள் எல்லாம் நேரே உன்னிடம் வந்தது. "தலைவரே, புவனாக்கா இருக்கா?" என்று என்னைத் தாண்டி உள்ளே போவார்கள். நீ வாசித்து, பதிலும் எழுதிக் கொடுத்து அனுப்புவாய். எனக்கு எழுத்து தெரியாது என்பதை அதுவரை ஊரில் யாரும் பெரிசாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

சாந்தி தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் குழாய்த் திட்டம் வந்தது. தோட்டத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் முதலில் போடுவார்கள், மேல் லயமா கீழ் லயமா என்று பார்க்க ஓர் இஞ்சினியர் வந்தார். நீ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதி சிங்களத்தில் பாதி தமிழில் அவரிடம் கேட்டாய்: "எங்கட ஊரில சண்டை நடக்குது, அங்கயும் குழாயில தண்ணி வருது. இங்க சண்டை இல்ல, தண்ணி மட்டும் ஏன் இல்ல?" நான் பக்கத்தில் நின்றேன். அந்த மனிதர் சிரித்தார். படியை எண்ணச் சொல்லி, எண்ணியதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்து நாள் கழித்துக் கிளாக்கர் ஐயா ஒரு தாளோடு வந்தார். வேலை விட்டு வந்த நேரம். இஸ்தோப்பில் என்னோடு ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழாய் விசயம், தலைவர் கைநாட்டு வேண்டும் என்றார். நீ முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாய். அங்கிருந்தே சொன்னாய்: "மாமா, ஒருக்கா வாசிச்சுப் போட்டு வையுங்கோ. தாங்கோ, நான் வாசிக்கிறன்."

நல்ல மரியாதையாகத்தான் சொன்னாய். ஆனால் ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதில் ஒருத்தன் சிரித்த மாதிரி இருந்தது. "பொம்பள வாசிச்சுச் சொல்லித்தான் நான் கைநாட்டு வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, விரலை மையில் தேய்த்து அழுத்தினேன். நீ மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

கீழ் லயத்துக்குப் பீலித் தண்ணீர் போதும், அதனால் குழாயை மேல் லயத்துக்குக் கொடுக்கலாம் என்று அந்தத் தாளில் இருந்தது. எனக்கு அது தெரிந்தது, குழாய்களை ஏற்றிய லொறி நம் வாசலைத் தாண்டி மேலே போன அன்றைக்கு. நேரே ஆபிசுக்குப் போனேன். "நீங்கதானே தலைவரே வச்சீங்க" என்றார் கிளாக்கர். அவர் சொன்னதில் பிழையில்லை.

திரும்பி வந்தபோது ஆட்கள் கூடியிருந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். மேலிடத்து முடிவு, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பாக்கியம்தான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். "இஞ்சினியர் ஐயாகிட்ட வாயாடுனா பைப்பா குடுப்பாங்க?" அவ்வளவுதான், எல்லாருக்கும் விளங்கிவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பீடி பற்ற வைத்தேன்.

அன்றிலிருந்து பீலிக்கரையில் நீ வந்தால் பேச்சு நிற்கும். மாரிகாலத்தில் படி வழுக்கி யாராவது விழுந்தால் உன் பேர்தான் முதலில் வரும். கடுதாசி கொண்டுவருகிறவர்களும் குறைந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோசம் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் யாருக்கோ ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நீ ஆபிசுக்குப் போனாய். வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டாய். ரசத்தை ஊற்றிவிட்டு, கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுச் சொன்னாய்: "அந்தக் கடதாசியப் பாத்தன் மாமா. நான் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல." நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் ரசம் விடவா என்று கேட்டாய். விடு என்றேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசியதில்லை.

ஏன் சொல்லவில்லை, புவனா? என் மேல் மரியாதையா? சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றா? புருசனின் அப்பாவை ஊர் சிரிக்க வைக்கக்கூடாது என்றா? பதில் கிடைக்காது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் சாவுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. மாத்தளை ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சு என்றார். அதையும் என் தலையில் போட்டுக்கொண்டு அழ நான் வரவில்லை. செய்ததைச் சொல்ல வந்தேன்.

உன் ஆண்டுத் திவசத்துக்குச் செல்வமும் நானும் திருகோணமலைக்குப் போனோம். சண்டை நின்று ரோட்டு திறந்திருந்தது. தம்புள்ளை தாண்டி, ஹபரணை தாண்டி, எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கிப் பையைக் காட்டினோம் என்று சொல்ல வேண்டாம். நான் திவசத்துக்கு மட்டும் போகவில்லை. நீ சொன்னதெல்லாம் நிசம்தானா என்று பார்க்கவும் போனேன். ஒன்றாவது பொய்யாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை.

கன்னியாவில்தான் உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம். கிணற்றிலிருந்து மொண்டு தலையில் ஊற்றினார்கள், சுட்டது. ஊருக்குள் போகும்போது மூன்று மான் ரோட்டில் படுத்திருந்தன. எங்கள் பஸ் வேகத்தைக் குறைத்து ஓரமாகச் சுற்றிப் போனது. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியாஸ்பத்திரி நீ சொன்ன தூரத்தில்தான் இருக்கிறது. கடற்கரையில் பாதிக்கு முள்ளுக்கம்பி. மிச்சப் பாதியில் சனம் வந்து உட்கார்ந்து கடலை கொறிக்கிறது. நானும் செல்வமும் கொஞ்ச நேரம் இருந்தோம். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

உன் ஒழுங்கை முடக்கில் குழாயும் நின்றது. பக்கத்தில் காவலரண், மணல் மூட்டை. குடங்கள் வரிசையாக, முறைக்காக ஒரு வாய்ச்சண்டையும் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சண்டையைப் பற்றி, நீ ஒரு நாளும் சொன்னதில்லையே.

உன் அயல்வீட்டுத் தங்கராணி அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தார். "குழாயடியில அவளை வெல்ல இந்த ஒழுங்கையில ஆளில்ல" என்று உன்னைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். கொஞ்சம் அழுதார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அங்க அவளுக்கு அந்தக் கரைச்சல் இல்லத்தானே. மாமா தலைவர் எண்டபடியால் வாசல்லயே குழாய் போட்டுக் குடுத்தவர் எண்டு எழுதினவள்."

செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான், "ஆமாங்க" என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

பஸ்ஸில் வரும்போது அவன் கேட்டான்: "ஏன்ப்பா அவ அப்படி எழுதுனா?" தெரியலையே என்றேன். இப்படித்தான், தாயி, ஒரு கைநாட்டுக்குப் பின்னால் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன்.

இந்த இடம் வந்ததும் சாந்தி பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா செத்தப்போ, எல்லாரும் கூடி இருந்தாங்களே தாத்தா, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருக்கலாம் என்றேன்.

"இப்ப பேப்பர்ல போட்டா மட்டும் என்ன? பாக்கியம் சின்ன அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. பீலிக்கு வர்ற பாதிப் பேருக்குத் தெரியாது. அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

கடிதம் போட்டால் முடிந்துவிடும் என்றுதான் இருந்தேன். எழுத்து தெரியாத ஒருத்தன் தன் குற்றத்தை எழுத்துக்குள் ஒளிக்கப் பார்த்திருக்கிறான். உன் மகள் கண்டுபிடித்துவிட்டாள். அவளும் உன்னைப் போலவே நல்ல மரியாதையாகத்தான் கேட்டாள்.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளன்றைக்குத் தண்ணீர் வரும் நாள். பெண்கள் வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து லயக் கோடிக்குப் போவேன். கைநாட்டு வைத்தது நான், வாசிக்க விடாமல் வைத்தேன், புவனா பேச்சால் போனது ஒன்றுமில்லை என்று என் வாயாலேயே சொல்வேன். பாக்கியத்தின் முகத்தைப் பார்த்து முதலில் அவளிடம். தங்கராணி அக்காவுக்கு நான் சொல்லச் சாந்தி எழுதுவாள்: வாசலில் குழாய் இருந்ததில்லை, புவனா சாகும்வரை படி ஏறினாள் என்று. செல்வத்திடம் இன்று அவன் வேலை விட்டு வந்ததும் சொல்வேன்.

பாக்கியம் காறித் துப்பினாலும் துப்பட்டும். நான் உடனே வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். சாந்தி தன் முறை வந்து கேனை நிரப்பித் தூக்குகிறவரைக்கும் அந்த இடத்திலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
உன் புருசனைப் பெற்றவன், உன் மகளுக்குத் தாத்தா,
மாரிமுத்து மாமா
கீழ் லயம், உக்குவளை