ஆற்றில் விடாத பாய்

அக்கா,

காலையில் ஊற்றுத் தண்ணீர்க் குடத்தை இறக்கியதும் ஈர மணல் வாசம் குப்பென்று வந்தது. உடனே உங்கள் நினைப்பு. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். திருமணிமுத்தாற்று மணலில் எத்தனை ஊற்றுத் தோண்டியிருப்போம்! நான் அவசரப்பட்டு மொண்டால், "கலக்காத சாமி, தெளியட்டும்" என்பீர்கள்.

மாடு கழுவுவது, அழுக்குத் துணி அலசுவது எல்லாமே ஆற்றில்தான். "ஓடற தண்ணிதான, அடிச்சுட்டுப் போயிரும்" என்று ஊரே சொல்லும். "எங்கீங்க போவுது? கீழூருல எவளோ ஒருத்தி கொடத்துக்குத்தான போவுது?" என்று திருப்பிக் கேட்பீர்கள். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அப்புறம் அந்த வாந்திபேதி வருஷம். நோய்க்குப் பயந்து, பால் மறந்த என் மகளை ஆற்றோடு கீழே இருக்கும் என் அம்மா ஊரில் விட்டிருந்தேன். அந்தப் பாழும் நோய் நம் வீட்டுக்குள்ளேயே வந்து உங்கள் வீட்டுக்காரரைக் கொண்டுபோய்விட்டது. இறந்தவர் படுத்த பாயையும் கட்டிய வேட்டியையும் ஆற்றில் விடுவது நம் வழக்கம், அப்போதுதான் போனவருக்கு வழி கிடைக்கும் என்பார்கள். நோயாளி துணியை ஆற்றில் போடக் கூடாது என்று ஊசி போட வந்த டாக்டர் சொன்னது எல்லார் காதிலும் விழுந்ததுதான். சாவு வீட்டில் அதை யார் நினைக்கிறார்கள்? பங்காளிகள் பாயைச் சுருட்டிவிட்டார்கள். அந்தத் தண்ணீர் போகிற ஊரில் என் பிள்ளை இருக்கிறாள். சின்ன மருமகள் நான், எந்த வாயால் சொல்வேன்?

நீங்கள் எழுந்து வந்து அந்தப் பாய்ச் சுருட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஏம்புள்ள, கட்டுனவனுக்கு வழி உடமாட்டயா?" என்று பெரிய பங்காளி அதட்டினார்.

"கீழ ஊத்துத் தோண்டிக் குடிக்கறாங்க மாமா. எங்கூட்டுப் பச்சப்புள்ள அங்க கெடக்குது. இத ஆத்துல உடறதுன்னா என்னையும் சேத்து உட்ருங்க."

அத்தனை அழுகைக்கு நடுவிலும் என் பிள்ளையை நினைத்தீர்களே, மகராசி! கடைசியில் ஆற்றுக்கு எட்டாத மேட்டுக்காட்டில் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். புருஷன் போகிற வழியை அடைத்தவள் என்ற பேச்சை அப்புறம் வருஷக்கணக்கில் கேட்டீர்கள். என்னிடம் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. கீழூரில் அந்த வருஷம் நோய் எட்டிப் பார்க்கவில்லை. உங்களாலா, தெய்வத்தாலா, எனக்குத் தெரியாது. என் பிள்ளை முழுசாகத் திரும்பி வந்தாள், எனக்கு அது போதும். அந்தப் பாய்க் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் அவளை வளர்த்தேன்.

இப்போது மேலே சேலத்தில் நூலுக்குச் சாயம் போட்டு அலசுகிறார்கள், சில நாள் தண்ணீர் சிவந்தே வருகிறது. நீங்கள் இருந்தால் சண்டைக்குக் கிளம்பியிருப்பீர்கள். நானும் ஆற்றில் எதையாவது கொட்டுகிறவர்களைக் கண்டால் சும்மா விடுவதில்லை. உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

போன தை மாசம் நீங்களும் போய்விட்டீர்கள். நெஞ்சுவலிதான், ஒட்டுகிற நோய் இல்லை. அதனால் பங்காளிகள் வழக்கம்போலப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், புகுந்த வீட்டிலிருந்து அழுதுகொண்டே வந்திருந்த என் மகள் பாயை அவர்கள் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

"எம் பெரியம்மா பாயி ஆத்துக்குப் போவாதுங்க."

மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்காட்டைப் பார்த்து நடந்தாள். ஒருத்தரும் தடுக்கவில்லை. பெற்றவள் நான்தான். ஆனால் அன்றைக்கு அவள் உங்கள் மகளாகத்தான் நடந்துபோனாள், அக்கா.