ரோகாமுர் கோபுரத்தின் அறுபத்திரண்டு படிகள்

14 செப்டம்பர் 2024, சனி

ரத்த அழுத்தம் 138/84. நேற்றைவிடக் கூடுதல்.

மாலை நூலக அறையில் மூத்தோர் கூட்டம், இந்த அமெரிக்க ஊரில் ஓய்வுபெற்ற தமிழர்கள். வரதராஜாவும் அவர் மனைவி திரேசாவும் வியாழக்கிழமை ஸ்பெயின் புறப்படுகிறார்கள். கத்தலோனியாவின் நாட்டுப்புறத்தில் பத்து நாள், கோட்டைகளும் அரண் கட்டிய தேவாலயங்களும். முழுப் பயணமும் என் குறிப்புகளின்படி. நானும் என் மனைவி ஷ்யாமளாவும் மூன்று முறை போய்வந்து எழுதியவை, இருபத்துமூன்று இடங்கள். எந்தச் சாலை, காரை எங்கே விடுவது, தேவாலயத்தின் சாவி எந்த வீட்டில் இருக்கும், எத்தனை படி, கைப்பிடி உண்டா, இறைச்சி இல்லாத சாப்பாடு எங்கே கிடைக்கும். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் முழங்கால் வலி. ஆகவே படிக்கணக்குக்குத்தான் மதிப்பு. இணையத்தில் பொதுக் கோப்பாக வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் போனில் படிக்கலாம்; திருத்த என்னால் மட்டும் முடியும்.

"குமாரசாமி சார் நோட்ஸ்ல பாத்ரூம் எங்க இருக்குன்னுகூட இருக்கும். நம்ம வயசுக்குக் கோட்டையவிட அதுதான் முக்கியம்" என்றார் ஜம்புநாதன். எல்லோரும் சிரித்தார்கள். திரேசா மட்டும் போனைப் பார்த்தபடி, "எத்தனை படி எண்டு முதலே தெரிஞ்சால் நான் எண்ணி எண்ணி ஏறிடுவன், அண்ணை. முப்பத்தொரு வருசம் நர்ஸா இருந்து எண்ணினதுதானே வேலை" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது ரோகாமுர் என்ற ஊரின் கோபுரம் பற்றிய குறிப்பு. அதை விட்டுவிடுங்கள், வழி சரியில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது?

15 செப்டம்பர், ஞாயிறு

இங்கே மட்டுமாவது எழுதிவிடுகிறேன். ரோகாமுர் கோபுரத்தில் நான் ஏறியதே இல்லை.

2019 மே, கடைசி நாள். பாறை உச்சியில் கோட்டையும் தேவாலயமும் ஒரே சுவராக ஒட்டி நிற்கும். ஷ்யாமளா முதுகுவலியோடு காரில் இருந்தாள். நான் போனில் வெளிச்சம் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். ஐந்து படி. சுவர் இரண்டு தோளிலும் உரசியது. மேலே ஒன்றும் தெரியவில்லை. திரும்பிவிட்டேன். வாசல் பலகையில் கோபுரத்தின் உயரம் பதின்மூன்று மீட்டர் என்றிருந்தது. கத்தலோனியப் படிகளின் சராசரி உயரம் இருபத்தொரு சென்டிமீட்டர். அதுவரை ஏறிய இருபத்திரண்டு இடங்களிலும் அளந்திருக்கிறேன். வகுத்தால் அறுபத்திரண்டு. அடிப்படிகளில் கயிற்றுக் கைப்பிடி இருந்தது. "62 படிகள். கைப்பிடி உண்டு. மேலே நல்ல காற்று" என்று எழுதினேன்.

நாற்பது வருடம் கட்டமைப்புப் பொறியாளனாக இருந்தவன். பார்க்காத தூணுக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

ஒரு கணக்குத்தானே. அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

23 செப்டம்பர், திங்கள்

திரேசாவின் குரல்செய்தி, மூன்றாவது. "அண்ணை, நீங்கள் சொன்ன வீட்டிலதான் சாவி. ஒரு பேக்கரிக்காரி தந்தவ, என்ர கையளவு நீளம்! நாற்பத்தெட்டுப் படி எண்டு எழுதியிருந்தீங்கள், நாற்பத்தெட்டேதான்."

அந்தத் தேவாலயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வயலுக்கு நடுவே ஜன்னல் இல்லாத தடித்த சுவர். பலிபீடத்துக்கு மேலே அம்பு எய்யும் பிளவு. கோபுரத்தின் கதவு தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில். எல்லைச் சண்டைக் காலத்தில் படை வருவது தெரிந்தால் ஊரே உள்ளே போய் ஏணியை இழுத்துக்கொள்ளுமாம். கர்தோனா போன்ற பெரிய கோட்டைகளைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வரும். இந்தச் சின்னத் தேவாலயங்களில் வேறொன்று வரும். பயந்தவர்கள் கட்டியவை இவை. அதனால்தான் இவற்றைத் தேடித் தேடிப் போனேனோ?

26 செப்டம்பர், வியாழன்

திரேசா ரோகாமுரில் விழுந்துவிட்டார்.

வரதராஜா போனில் அழுதார். அவர் கீழே நின்றிருக்கிறார், அவருக்கு முழங்கால் முடியாது. சத்தம் கேட்டிருக்கிறது. தீயணைப்புப் படையினர் தூக்கு நாற்காலியில் இறக்கியிருக்கிறார்கள். இடுப்பு எலும்பும் இடது மணிக்கட்டும் முறிவு. நாளை அறுவை சிகிச்சை.

எத்தனையாவது படி என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது!

27 செப்டம்பர், வெள்ளி

காலையில் அந்த ஊரின் இணையப் பக்கத்தைத் தேடினேன். இரண்டு நிமிடம் ஆயிற்று. பலகையிலிருந்த பதின்மூன்று மீட்டர் தேவாலயக் கூரைக்கு மேலே உள்ள அளவு மட்டும். அடியில் பாறைக்குள் குடைந்த படிகள் தனி. மொத்தம் தொண்ணூற்றொன்று. கைப்பிடி முதல் வளைவு வரைதான்.

கோப்பைத் திறந்து 62ஐ அழித்து 91 என்று திருத்தினேன். கைப்பிடி வரியையும் திருத்தினேன். அடுத்துப் போகிறவர் விழக்கூடாது அல்லவா.

அடுத்துப் போகிறவருக்காகவா?

19 அக்டோபர், சனி

திரேசாவை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள். பார்க்கப் போனோம். ஷ்யாமளா ரசமும் பருப்புத் துவையலும் எடுத்துக்கொண்டாள். திரேசா நடை வண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டார்.

அவரே சொன்னார். "அறுபத்திரண்டு எண்டு எண்ணி முடிச்சன், அண்ணை. ஒரே இருட்டு. இனித் தளம்தானே எண்டு கையைச் சுவரிலயிருந்து எடுத்திட்டு, சமனாக் காலை வைச்சன். அங்க இன்னொரு படி இருந்தது. அவ்வளவுதான்."

"தொண்ணூற்றொண்டெல்லோ எழுதியிருக்கு, திரேசா. நான் பார்த்தனான்" என்றார் வரதராஜா.

"இல்லை. அறுபத்திரண்டு."

"சரி, சரி. ரசத்தைக் குடியும்."

எனக்குச் சோடா கொடுத்தார்கள். குடித்தேன்.

20 அக்டோபர், ஞாயிறு

கடிதமாக எழுதிப் பார்த்தேன். நான்கு வரைவு. நான்கிலும் முதல் வாக்கியமே என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதியதாக இருக்கிறது.

2 நவம்பர், சனி

தர்சனா சான் ஹோசேயிலிருந்து வந்திருக்கிறாள். திரேசாவின் மகள். சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். மருந்துச் சீட்டுகளைப் பிரித்து அடுக்க உதவி கேட்டாள்; போனேன். சமையலறையில் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அங்கிள், இது ஃபால் மட்டும் இல்ல. அம்மா இன்னும் சிக்ஸ்டி டூ சிக்ஸ்டி டூன்னே சொல்றா. உங்க நோட்ஸ ஓப்பன் பண்ணிக் காட்டினேன், நைன்ட்டி ஒன்னு தெளிவா இருக்கு. ஸ்கிரீனைப் பார்த்துட்டே, இது மாறிட்டுதுன்றா. ஷி இஸ் மேக்கிங் திங்ஸ் அப். எனக்குப் பயமா இருக்கு."

பன்னிரண்டாம் தேதி ஞாபகச் சோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். அம்மாவின் கார் சாவியை எடுத்து வைத்துவிட்டாள். இந்த வீட்டை விற்றுவிட்டு இருவரையும் சான் ஹோசேக்கே கூட்டிப் போய்விடலாம் என்று பார்க்கிறாள்.

"நீங்கதான் அப்பாகிட்டச் சொல்லணும். நீங்க சொன்னா கேட்பார்."

நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன்? ஆமாம் என்றா, இல்லை என்றா? அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

வரும்போது முன்னறையில் திரேசா தனியாக உட்கார்ந்து விரல்களை மடக்கி ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை மடியில் வைத்துக்கொண்டார். "நான்தான் பிழை விட்டிட்டனோ, அண்ணை? ஆளுக்கு ஆள் சொல்லேக்க எனக்கே ஐயமாக் கிடக்கு" என்றார்.

ஓய்வெடுங்கள் என்றேன். அதைத்தான் சொன்னேன். ஓய்வெடுங்கள்.

3 நவம்பர், ஞாயிறு

குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

6 நவம்பர், புதன்

ஷ்யாமளாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நீங்க மேல ஏறலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

எப்படி?

"மூச்சே வாங்காம வந்தீங்க. எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன், நல்ல காத்துன்னீங்க. கார்ல ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு. அன்னைக்கு ஒரு இலை அசையலை."

பிறகு ஏன் சொல்லவில்லை?

"சொல்லி? ஒரு படி ஏறலைங்கிறதுக்கு உங்களை வெட்கப்படுத்தணுமா? இப்படி ஊருக்கே எழுதிக் கொடுப்பீங்கன்னு நான் கண்டேனா?" கீரைத் தண்டை ஒடித்தாள். "ஏறாதது தப்பில்லைங்க. நெம்பரை மாத்துனீங்களே, அது தப்பு. அந்தம்மாவைப் பைத்தியமாக்கிட்டு நீங்க இங்க உக்காந்து பிபி பார்த்துட்டு இருக்கீங்க."

நான் அழுதேன். அவள் சமாதானம் செய்யவில்லை. சரிதான்.

9 நவம்பர், சனி

அவர்கள் தெருவரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டு முறை. நாளை. நாளைக்கு விட்டால் திங்கள் ஒரு நாள்தான் இருக்கிறது. வயது எழுபத்தாறு, இன்னும் எதற்கடா பயம்? என்ன பண்ணிவிடுவார்கள்? பேச மாட்டார்கள். அதுதான் பயம். பேச இங்கே வேறு யார் இருக்கிறார்கள்!

10 நவம்பர், ஞாயிறு

முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குப் போனேன். 2019இன் கையெழுத்து நோட்டை எடுத்துப் போனேன். ஷ்யாமளா வரவில்லை, "இது உங்க வேலை" என்றாள். வரதராஜா கதவைத் திறந்தார். தேநீர் வேண்டாம் என்றேன். உட்காரவும் இல்லை. திரேசாவின் முன்னால் நோட்டைத் திறந்து வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். விரலை அந்த எண்ணின் மேல் வைத்தார். எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஏறாதது, வகுத்தது, விழுந்த மறுநாள் திருத்தியது.

"நீர் மேல போகவே இல்லையோ?" என்றார் வரதராஜா.

"இல்லை."

திரேசா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "அப்ப அறுபத்திரண்டு எண்டுதான் இருந்தது" என்றார்.

"ஆமாம்."

"நான் சரியாத்தான் எண்ணினனான்."

"சரியாகத்தான் எண்ணினீர்கள்."

அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. சத்தமாகப் பேசவில்லை. "ஆறு கிழமையா என்னை விசரி எண்டு வைச்சிருந்தாங்கள், அண்ணை. நீங்கள் அந்தக் கதிரையில இருந்து சோடாக் குடிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். விழுந்தது பரவாயில்லை. எலும்பு பொருந்தும். நான் என்னையே நம்பாமல் போனன், தெரியுமோ? பாத்ரூமுக்குப் போனால் லைட்டை அணைச்சனானோ எண்டு மூண்டு தரம் போய்ப் பாக்கிறன்."

உள்ளறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"தர்சனா! இங்க வா. இவர் சொல்லுறதைக் கேள்." என் பக்கம் திரும்பினார். "திருப்பிச் சொல்லுங்கோ. முழுக்க."

திருப்பிச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"அம்மா விழுந்ததுக்கு அப்புறமா எடிட் பண்ணீங்களா, அங்கிள்?" என்றாள் தர்சனா. "அன்னைக்குக் கிச்சன்ல நான் சொன்னப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். ஸாரி, ஸாரி என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னிடம் இல்லை.

வரதராஜா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடப் பழக்கம்; ஒரே அலுவலகம், ஒரே கார்ப் பயணம். "நீர் போம்" என்றார்.

நோட்டை எடுக்கக் குனிந்தேன். "அது இங்க கிடக்கட்டும்" என்றார் திரேசா.

11 நவம்பர், திங்கள்

தூங்கினேன். தூங்கியதே வெட்கமாக இருக்கிறது.

மூத்தோர் குழுவுக்கு ஆறு வரியில் செய்தி அனுப்பினேன். நடந்ததை மட்டும். விளக்கம் எழுதி, அழித்துவிட்டேன். இருபத்தொன்பது பேர் படித்திருக்கிறார்கள். ஜம்புநாதன் மட்டும் பதில் போட்டார்: "மத்த இருபத்திரண்டும் நெஜமா சார்?"

நிஜம் என்றேன். இனி அதை யார் நம்ப வேண்டும்?

28 நவம்பர், வியாழன்

நன்றியறிதல் நாள். பதினைந்து வருடமாக மதியச் சாப்பாடு வரதராஜா வீட்டில்தான். ஷ்யாமளா இரண்டு பேருக்குப் புளிசாதம் செய்தாள்.

தர்சனாவிடமிருந்து சின்னச் செய்தி. சோதனைக்குத் திரேசாவே போவேன் என்று நின்றாராம். "எனக்கு ஒண்டும் இல்லை எண்டு நீ எழுத்தில பார்க்க வேணும்." வயதுக்கு மிக நல்ல நிலை என்று முடிவு வந்ததாம். இடுப்பு ஆறியதும் கார் ஓட்டுவார். வீடு விற்பனைக்கு இல்லை. கடைசியில், "இதை உங்களுக்குச் சொல்லணும்னு அம்மாதான் சொன்னா. அப்பாவுக்குத் தெரியாது" என்றிருந்தது.

நான்கு முறை படித்தேன்.

7 ஜனவரி 2025, செவ்வாய்

பயணக் குறிப்புக் கோப்பை இணையத்திலிருந்து நீக்கிவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

15 பிப்ரவரி, சனி

ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனோம். ஷ்யாமளா காரில் இருந்தாள். வாசலுக்கு அருகே நீல நிறக் கார் ஒன்று, வரதராஜா வீட்டுக் கார். உள்ளே போகலாமா, திரும்பிவிடலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் மூன்றாவது ஆளாகத் திரேசா. தனியாக. ஒரு கையில் கைத்தடி, மற்றொரு கையில் கார் சாவி. நான் பேசவில்லை. பேசினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தொல்லையையும் நான் தரக்கூடாது.

அவர் முறை வந்தது. பெயரைக் கேட்டாள் மருந்து கொடுக்கும் பெண். பிறகு, ஆளைச் சரிபார்க்க வழக்கம்போலப் பிறந்த தேதி. திரேசா நாள், மாதம், வருடம் மூன்றையும் படி எண்ணுவதுபோல நிறுத்தி நிறுத்தி, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.